டஸ்டர் இல்லாத கரும்பலகை

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "நீதான் வீடியோ எல்லாம் போட்டவனாச்சே. இன்டர்நெட்டில் பேர் வாங்குவது எப்படின்னு பசங்களுக்கு இருபது நிமிஷம் பேசு" என்றார். "அண்ணே, பேர் வாங்கினதைப் பத்தி வேண்டாம். அதுக்கு என்ன விலை கொடுத்தேன்னு பேசட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி பேசு, ஆனா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி அழ வச்சிடாதே" என்றார். அந்த நிபந்தனையை முடிந்தவரை காப்பாற்றுகிறேன்.

முதலில் ஒரு மன்னிப்பு. 2023 ஜனவரியில் நடந்த சந்திப்புக்கு நான் வரவில்லை. ஃபேக்டரியில் ஷட்டவுன் வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். அது பொய். அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். இந்த வாசலுக்குள் நுழையவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், இந்தப் பாதையில் எனக்கு வெகு முன்னால் போன இரண்டு பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1996-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், டிக்கின்சன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஜெனிபர் ரிங்லி என்ற மாணவி தன் ஹாஸ்டல் அறையில் ஒரு சின்ன கேமராவை வைத்தார். சில நிமிடங்களுக்கு ஒரு படம் வீதம், அறையில் என்ன நடந்தாலும் அது இன்டர்நெட்டுக்குப் போகும். படிப்பது, தூங்குவது, அறை சும்மா காலியாகக் கிடப்பது, எல்லாம். 'ஜெனிகேம்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பார்த்தார்கள். ஏழு வருடம் ஓட்டினார். 2003 கடைசியில் கேமராவை நிறுத்தினார். அதன்பின் அவர் தன்னைப் பொதுவில் காட்டிக்கொள்வதையே பெரும்பாலும் விட்டுவிட்டார்.

இரண்டாமவர் ஜாஷ் ஹாரிஸ். நியூயார்க்கில் இன்டர்நெட் தொழிலில் ஏராளமாகப் பணம் சம்பாதித்தவர். 1999 டிசம்பரில் நகரத்தின் நடுவே ஒரு கட்டடத்துக்கு அடியில் சுமார் நூறு பேரைத் தங்கவைத்தார். சாப்பாடு இலவசம், படுக்கை இலவசம். ரயிலில் பெர்த் மாதிரி அடுக்கடுக்கான படுக்கைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கேமரா, ஒரு டி.வி. யார் வேண்டுமானாலும் யாரையும் பார்க்கலாம். குளிக்கிற இடத்துக்குக்கூட மறைப்பு கிடையாது. முதலில் திருவிழா மாதிரி இருந்ததாம். நாளாக ஆக எரிச்சல், சண்டை. 2000 ஜனவரி 1-ஆம் தேதி அதிகாரிகள் வந்து இழுத்து மூடினார்கள்.

மனிதர் அத்தோடு விடவில்லை. தன் வீடு முழுக்க முப்பதுக்கும் மேற்பட்ட கேமராக்களை மாட்டி, தானும் தன் தோழியும் வாழ்வதை ஒளிபரப்பினார். அதில் ஒரு விஷயம் என்னை உலுக்கியது. இருவருக்கும் சண்டை வந்தால், சமாதானம் பேசுவதற்குப் பதிலாக இருவரும் தனித்தனியே கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்துகொள்வார்களாம். எதற்கு? பார்த்தவர்கள் யார் பக்கம் என்று தெரிந்துகொள்ள! சில மாதங்களில் அந்தப் பெண் போய்விட்டார். பணமும் போய்விட்டது. ஹாரிஸ் நகரத்தை விட்டே கிளம்பி ஆப்பிள் தோட்டம் வைத்தார், பிறகு எத்தியோப்பியாவுக்குப் போனார். இந்தக் கதை 2009-ல் ஆவணப் படமாக வந்தது.

'பைத்தியக்காரத்தனம்' என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. அவர்கள் கேமராவைச் சுவரில் மாட்டினார்கள். நாம் பாக்கெட்டில் வைத்திருக்கிறோம். வேறு வித்தியாசம் பெரிதாக இல்லை.

இதை முன்கூட்டியே யோசித்த ஒருவர் எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியல் அறிஞர். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் ஒரு சிறிய ஹோட்டலைக் கவனித்து, 1956-ல் ஒரு புத்தகம் எழுதினார். சாப்பாட்டு அறையில் பரிமாறுகிறவர் கதவைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போனதும் வேறு ஆளாகிவிடுகிறார் என்று கவனித்தார். மனிதனுக்கு மேடை வேண்டும், மேடைக்குப் பின்னால் ஒரு இடமும் வேண்டும் என்பது அவர் சொன்னதின் சாரம்.

நம்ம ஊர் கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். வாசலில் பெண்ணின் அப்பா சிரித்த முகத்தோடு கை கூப்பிக்கொண்டு நிற்பார். நடுவில் பின்பக்கம் போய், "சாம்பார் பத்துமாய்யா?" என்று கேட்கும்போது முகம் வேறு. அண்டாவுக்குப் பக்கத்தில் இரண்டு நிமிடம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கவலைப்பட்டுவிட்டு வருவதால்தான் அவரால் மறுபடி வாசலில் வந்து சிரிக்க முடிகிறது. அந்தச் சமையல்கட்டிலும் கேமரா வைத்துவிட்டால் அவர் எங்கே போய் முகத்தைத் துடைப்பார்?

எங்கள் காலத்தில் வீட்டில் ஒரு பேச்சு, ஹாஸ்டலில் ஒரு பேச்சு, வைவாவில் ஒரு பேச்சு. அது வேஷம் இல்லை. அந்தந்த இடத்துக்குத் தக்க மரியாதை. இன்றைக்கு ஒரு வரி எழுதினால் அம்மா, மேலதிகாரி, மச்சான், பழைய வாத்தியார், முன்பின் தெரியாத ஒருவர், எல்லாரும் ஒரே வரியைப் படிக்கிறார்கள். யாருக்கு ஏற்ற மாதிரி பேசுவது? கடைசியில் யாருக்குமே இல்லாத ஒரு முகத்தை மாட்டிக்கொள்கிறோம். அதைக் கழற்ற நேரம் கிடைப்பதில்லை.

இனி என் கதை. நான் 2011 பேட்ச், மெக்கானிக்கல். 2020-ல் ஊரடங்கு நேரத்தில் வீட்டில் சும்மா இருக்க முடியாமல், இயந்திரங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று தமிழில் வீடியோ போட ஆரம்பித்தேன். முதல் வீடியோ பிரஷர் குக்கர். குக்கருக்குள் தண்ணீர் ஏன் 120 டிகிரி அளவில் கொதிக்கிறது என்று சொன்னேன். பார்த்தவர் 43 பேர். அதில் நாற்பது பேர் சொந்தக்காரர்கள். இரண்டு வருடத்தில் தொண்ணூறாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஐ.டி.ஐ. படிக்கும் பையன்கள் நன்றி சொல்லி எழுதினார்கள். அதில் கிடைத்த சந்தோஷம் நிஜமானது. அதை இன்றும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கூடவே எண்கள் வந்தன. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேருக்குப் பிடித்தது. ஃபேஸ்புக்கில் 'லைக்' பொத்தான் வந்தது 2009-ல். அதற்கு முன் ஒருவர் நம்மைப் பாராட்டினால் அது ஒரு சொல். அதற்குப் பின் அது ஒரு நம்பர். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துச் சோதனை செய்தவர். கொத்தினால் தீனி எப்போது விழும் என்று நிச்சயமில்லாமல் வைத்தால், புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று காட்டினார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து போனைத் தடவியபோதெல்லாம் நான் அந்தப் புறாதான்.

இன்னொன்று. என் அப்பத்தா இறந்த வீடு. பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னை வளர்த்தவள் அவள். அந்த நேரத்தில் என் மனசுக்குள் ஒரு குரல், அவளைப் பற்றி என்ன போடலாம், எந்தப் படத்தோடு போடலாம் என்று வாசகம் தயாரித்துக்கொண்டிருந்தது. நான் அழவில்லை. எழுதிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பார்வையாளர்கள் என் தலைக்குள்ளேயே குடி வந்துவிட்டார்கள். பொதுவில் வாழ்வதற்கு நாம் கொடுக்கும் முதல் விலை இதுதான் என்று நினைக்கிறேன். யாரும் திட்டுவதற்கு முன்பே, எல்லாரும் பாராட்டிக்கொண்டிருக்கும்போதே கொடுக்கும் விலை.

திட்டும் வந்தது. 2022 நவம்பரில் கிணற்று மோட்டார்களைப் பற்றி ஒரு வீடியோ. ஜெட் பம்ப் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் தவறி, "மேலே வச்ச சாதா மோட்டாரே நூறு அடி ஆழத்திலிருந்து தண்ணியை உறிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டேன். முன் வரிசையில் சிலர் தலையில் கை வைப்பது தெரிகிறது. சாதா மோட்டார் வெறும் உறிஞ்சலில் தண்ணீரைத் தூக்க, காற்றழுத்தம்தான் கீழிருந்து தள்ள வேண்டும். அது கணக்குப்படி சுமார் 34 அடி. நடைமுறையில் 25 அடி தாண்டுவதே கஷ்டம். அதனால்தானே நம்ம ஊரில் கிணற்றுக்குள்ளே பாதி ஆழத்தில் மேடை கட்டி மோட்டாரை இறக்கி வைத்தார்கள்! விவசாயிக்குத் தெரிந்ததை இன்ஜினியர் தப்பாகச் சொல்லிவிட்டான்.

மறுநாளே திருத்தம் போட்டேன். ஆனால் யாரோ அந்த 19 நொடியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். திருத்தம் நின்ற இடத்திலேயே நின்றது. 19 நொடி ஊர் ஊராகப் போனது. "இவனெல்லாம் இன்ஜினியரா", "பம்ப்செட் மெக்கானிக்கிட்ட போய்ப் படிடா". இதெல்லாம் பரவாயில்லை. என் பக்கத்தில் பெருமையாக இந்தக் கல்லூரியின் பெயரைப் போட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டார்கள். "இந்தக் காலேஜ்ல படிச்சா இப்படித்தான் இருக்கும்", "இவனுக்குப் பாஸ் போட்ட வாத்தியார் யாரு". சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அதனால்தான் 2023-ல் நான் வரவில்லை. என்னால் கல்லூரிக்கு வந்த அவமானத்தைச் சுமந்துகொண்டு உங்கள் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை.

மூன்று மாதம் சரியான தூக்கம் இல்லை. ஆபீஸில் இரண்டு பேர் சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றும். ஒரு ஷாஃப்ட் கணக்கை ஐந்து தடவை சரிபார்ப்பேன், ஆறாவது தடவையும் சந்தேகம் வரும். மீட்டிங்கில் வாய் திறக்க மாட்டேன். நல்ல வார்த்தை ஆயிரம் வந்திருக்கும். ஒன்றுகூட நினைவில் நிற்காது. கெட்ட வார்த்தை ஒவ்வொன்றும் எழுதினவர் பெயரோடு மனப்பாடம். கெட்டது நல்லதைவிட மனசில் ஆழமாகப் பதியும் என்பதை ராய் பாமெய்ஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 2001-ல் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது புத்தகத்தில் படிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவர் குழுவினரும் செய்த ஒரு சோதனை 2000-ல் வெளியானது. மாணவருக்குப் போடவே வெட்கமான ஒரு பனியனை மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். அதாவது, நம் அவமானத்தை நாம் நினைக்கிற அளவுக்கு உலகம் பார்ப்பதில்லை. எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் திரையில் அந்த ஆறுதலும் கிடையாது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கீழே எண் போட்டுக் காட்டிவிடுகிறார்களே!

நான் மெக்கானிக்கல்காரன் என்பதால் ஃபேட்டிக் ஞாபகம் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே இன்ஜினியர் வண்டி அச்சுகள் ஏன் உடைகின்றன என்று ஆராய்ந்தார். ஒரே இழுப்பில் அச்சை உடைக்க எவ்வளவு பாரம் வேண்டுமோ, அதைவிட மிகக் குறைந்த பாரமே திரும்பத் திரும்ப விழுந்தால் போதும், அச்சு உடைந்துவிடும் என்று கண்டார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். "ஒரு கமெண்ட்டுக்கெல்லாம் இடிஞ்சு போவாங்களா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் அதுதான். ஒரு கமெண்ட்டில் யாரும் உடைவதில்லை. பத்தாயிரமாவது சுற்றில் உடைகிறார்கள்.

இது விளையாட்டு விஷயம் இல்லை. ஜப்பானில் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்த ஹானா கிமுரா என்ற 22 வயது மல்யுத்த வீராங்கனை, இடைவிடாத வசைகளுக்கு ஆளாகி 2020 மே மாதம் இறந்துபோனார். அதன் பிறகு 2022-ல் அந்த நாடு பிறரை இழிவுபடுத்திப் பேசும் குற்றத்துக்கு ஒரு வருடம் வரை சிறைத் தண்டனை விதிக்கும்படி சட்டத்தைக் கடுமையாக்கியது. சட்டம் வந்தது. பெண் வரவில்லை.

நான் மீண்டதற்கு இரண்டு பேர் காரணம். ஒருவர் ஒரு மனநல மருத்துவர். "இன்ஜினியருக்கு எதுக்குப்பா பைத்தியக்கார டாக்டர்?" என்று என் மாமா கேட்டார். "மோட்டாருக்கே மெக்கானிக் வேணும்னா எனக்கு வேண்டாமா மாமா?" என்றேன். தம்பி தங்கைகளே, யாருக்காவது மனசு தாங்கவில்லை என்றால் கூச்சப்படாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416. தமிழிலேயே பேசலாம்.

இன்னொருவர் இதோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எங்களுக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நடத்தியவர். அந்தச் சந்திப்பு முடிந்த அன்று ராத்திரியே சார் போன் செய்தார்.

"ஏண்டா வரல?"

"சார், நீங்க அந்த வீடியோ பார்த்தீங்களா?"

"பார்த்தேன். மூணாவது செமஸ்டர்ல போர்டுக்கு வந்து பெர்னூலி சமன்பாட்டைத் தப்பாப் போட்டியே, ஞாபகம் இருக்கா?"

"இல்லையே சார்."

"எனக்கும் இல்ல. ஆனா போட்டிருப்பே. எல்லாரும்தான் போடுவீங்க. கிளாஸே சிரிச்சிருக்கும். நான் டஸ்டரை எடுத்து அழிச்சுட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன். நீ படிச்சதே அப்படித்தாண்டா. இப்ப உனக்குக் கெடைச்ச போர்டுக்கு டஸ்டர் இல்ல, அவ்வளவுதான். அதுக்காக நீ தப்பானவன் ஆயிடுவியா?"

போனை வைத்துவிட்டு வெகு நேரம் அழுதேன். அப்பத்தாவுக்காகவும் சேர்த்துத்தான். செயலாளர் அண்ணன் மன்னிக்க வேண்டும்.

சார் சொன்னதை நான் நிறைய யோசித்தேன். இந்தக் கட்டடத்தில் நாலு வருடம் நாம் செய்த தப்புகள் எத்தனை! லேத்தில் டூலை உடைத்தோம். செமினாரில் உளறினோம். ஆண்டு விழாவில் வசனம் மறந்து நின்றோம். எல்லாம் சுண்ணாம்புத் தூளாக உதிர்ந்து போயிற்று. மிஞ்சியது நாம் கற்றது மட்டும். தப்பு மறக்கப்படும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒருவன் கையை உயர்த்தி, தெரியாத கேள்விக்குப் பதில் சொல்லத் துணிவான். அந்த நம்பிக்கை போனால் தப்பு குறையாது. கை உயர்த்துவதுதான் நின்றுபோகும். இது இரண்டாவது விலை. முதலாவதைவிடப் பெரியது.

ஐரோப்பிய நீதிமன்றம் 2014-ல், தேவையற்ற பழைய தகவல்களைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கக் கேட்கும் உரிமையை ஏற்றது. 2017-ல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நல்லவைதான். ஆனால் கேஸ் போட்டு வாங்குகிற டஸ்டர் மெதுவாகத்தான் வரும். கையிலிருக்கிற டஸ்டர்கள் நாம்தான்.

இன்றும் நான் வீடியோ போடுகிறேன். மாதம் ஒன்று. அந்தப் பம்ப் வீடியோவைத் திருத்தி மறுபடி எடுத்தேன், தப்பையும் சொல்லி. போட்டுவிட்டுப் போனை என் மனைவியிடம் கொடுத்துவிடுவேன். எண்களைப் பார்ப்பதில்லை. என் மகளைக் காட்டுவதில்லை. அவள் பிறந்தநாளுக்கு ஒரு முறை கேமரா ஆன் ஆகவில்லை என்று மெழுகுவத்தியைத் திரும்ப ஏற்றி ஊதச் சொன்னவன் நான். இரண்டாம் முறை குழந்தை எங்களைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது. வீட்டில் நடக்கும் நல்லது கெட்டதில் பெரும்பகுதி இப்போது வீட்டிலேயே இருக்கிறது. இரும்பில் விழுந்த விரிசல் ஓய்வு கொடுத்தால் ஆறாது. மனிதனுக்கு ஆறும். யாரும் பார்க்காத கொஞ்சம் நேரம் கொடுத்தால் போதும்.

கடைசியாக ஒன்று. காலையில் டீ குடிக்கும்போது கேள்விப்பட்டேன். போன செமஸ்டரில் முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் செமினாரில் திக்கியதை யாரோ போனில் எடுத்து, மீம் ஆக்கிச் சுற்றவிட்டார்களாம். அந்தப் பையன் அதற்குப் பிறகு மேடை ஏறவில்லையாம். எடுத்தவரும் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம், அந்தப் பையனும் இருக்கலாம். எடுத்தவரைத் திட்ட நான் வரவில்லை. ஒரு ஷேர் ஒரு சுற்று. அதை மட்டும் நினைவில் வையுங்கள். தம்பி, உனக்கு ஒரே வார்த்தை. இங்கே உட்கார்ந்திருக்கிற எங்களில் திக்காதவன் ஒருவன்கூட இல்லை. எங்களை யாரும் படம் எடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள். மாதம் ஒரு சனிக்கிழமை, பழைய டிராயிங் ஹாலில், மாணவர்கள் பேசிப் பழக ஒரு மேடை வைப்போம். வாசலில் ஒரு மரப்பெட்டி. எல்லாருடைய போனும் அதில். கேட்க வருகிற முன்னாள் மாணவர்களின் போனும்தான். தமிழோ இங்கிலீஷோ, தப்பும் தவறுமாகப் பேசட்டும். சிரிப்போம், திருத்துவோம், அழித்துவிடுவோம். முதல் சனிக்கிழமைக்கு நான் வருகிறேன். பெட்டிச் செலவும் டஸ்டர் செலவும் என்னுடையது. முதலில் பேசப்போவது யார் என்று எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன்.